விசிலுக்குக் கால் சுற்று

முதல் விசிலுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தணிகாசலம் நினைத்தார். எதிர்வீட்டு மதிலை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சிமிட்டினால் சாய்ந்துவிடும் என்பதுபோலத் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எங்கோ இரும்பு உரசும் சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது விசில். மூன்றாவது. அதற்கப்புறம்தான் தெரிந்தது, வாசல்படி தரையிலேயே கிடக்கிறது, நிலை மட்டும் அதை விட்டுவிட்டு ஒரு விரல்கடை மேலே போயிருக்கிறது, நடுவே கொல்லைப்புறத்து வெயில் மெல்லிய கோடாக இந்தப் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. தன் வீட்டுக்கு அடியில் வெளிச்சம்! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் அந்தச் சுவருக்குள் தூங்கி எழுந்து, ஆணி அடித்து, காலண்டர் மாட்டி, பல்லி விரட்டி வாழ்ந்தவர், அதை ஒரு நாள் யாராவது தூக்குவார்கள் என்று கனவிலும் நினைத்தவரில்லை. மடிப்பாக்கத்தில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெருவை விட உயரமாக நின்ற வீடு தெருவுக்குச் சமமாகி, அப்புறம் பள்ளமாகி, ஐப்பசி பிறந்தால் சாக்கடையும் மழையும் கைகோத்துக்கொண்டு கூடத்துக்கே வர ஆரம்பித்தன. இடித்துக் கட்ட வயசில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். மூன்றடி. சொன்னபோது சிரித்தார். இப்போது சிரிப்பு வரவில்லை.

விசிலை வைத்திருந்தவன் தரம்பால். ஹரியானாக்காரன், ஆனால் பல வருஷமாக இந்த ஊர் வீடுகளையே தூக்கிக்கொண்டிருந்ததால் தமிழில் திட்டவும் கொஞ்சவும் தெரிந்துவைத்திருந்தான். அவன் ஆட்கள் சுவர்களின் அடியைக் குடைந்து, இரும்புச் சட்டம் செருகி, வரிசை வரிசையாக ஜாக்கி நட்டு, ஒவ்வொருவனும் தன் வரிசைக்கு முன்னால் குந்தியிருந்தான். ஒரு விசிலுக்குக் கால் சுற்று. அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. காலையில் தணிகாசலத்தின் மனைவி கோமளாவிடம் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வாங்கி, அதை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, "சார், இது சிந்தினா நான் மீசைய எடுத்துடறேன்" என்றிருந்தான். டம்ளர் அங்கேயே இருந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர். வீடு போகிறது, தண்ணீர் போகவில்லை. இதற்கு என்ன பெயர், என்று தணிகாசலத்தின் மூளை தன் பழக்கத்தில் ஆரம்பித்தது. பழக்கம் என்றால் லேசுப்பட்ட பழக்கமா? இருபது வருஷம் காலேஜ் காலேஜாக, கம்பெனி கம்பெனியாகப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு, ஏசி அறையில் திரை போட்டு, அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். டீம் ஒர்க். கோ-ஆப்பரேஷன். கோ-ஆர்டினேஷன். கொலாபரேஷன். கடைசியில் சினர்ஜி, அதற்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் குமிழி, உள்ளே ஒன்றும் ஒன்றும் மூன்று. பிள்ளைகளிடம் பழைய பேப்பரைக் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொல்வார். கோபுரம் விழும், சிரிப்பார்கள், கைதட்டுவார்கள், டீ வரும். எல்லா வார்த்தைக்கும் அவரிடம் வித்தியாசம் உண்டு. உன் வேலைக்கு நான் குறுக்கே நிற்காமலிருந்தால் கோ-ஆப்பரேஷன். உன் நேரமும் என் நேரமும் ஒத்துப்போனால் கோ-ஆர்டினேஷன். உன் வேலை எது என் வேலை எது என்று பிரிக்கவே முடியாமல் போனால் கொலாபரேஷன். அப்படியானால் இது எது? நேரம் ஒத்துப்போகிறது, சரி, கோ-ஆர்டினேஷன் என்று வைத்துக்கொண்டார். விசில் ஊதியது. வைத்துக்கொண்ட வார்த்தை நழுவிவிட்டது. கூடத்தில் இருக்கிறவனுக்குச் சமையலறையில் இருக்கிறவனைத் தெரியாது, கண்ணால் பார்க்க முடியாது, அவன் திருப்பியிருப்பான் என்ற நம்பிக்கையில் இவன் திருப்புகிறான். அவன் திருப்பாவிட்டால் இவன் தலையில்தான் சுவர். இதைப் போய் நேரம் ஒத்துப்போவது என்று சொன்னால், கல்யாணத்தைச் சாப்பாடு என்று சொன்ன மாதிரி.

யாராவது ஒருத்தன் தும்மிவிட்டால்? இந்த நினைப்பு எங்கிருந்து வந்ததோ, வந்ததும் போக மறுத்தது. செங்கல் தூசி பறக்கிற இடம். சரியாக விசில் ஊதும்போது ஒருத்தனுக்கு மூக்கு அரிக்கிறது, தும்முகிறான், கம்பி கை நழுவுகிறது, ஒரு மூலை மட்டும் தங்கிவிடுகிறது, அதன் மேல் மாடி இருக்கிறது, மாடியில் தம்பி இருக்கிறான். தணிகாசலம் மேலே பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தார். பால்கனியில் வேதாசலம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். காபி டம்ளர்கூட பக்கத்தில் கைப்பிடிச் சுவரின் மேல். வீட்டையே ஜாக்கியில் நிறுத்தியிருக்கிறார்கள், இவன் ராசிபலன் பார்க்கிறான்! தூக்கும்போது மேலே ஆள் இருக்கலாம், ஒன்றும் ஆகாது என்று தரம்பால் சொன்னதென்னவோ உண்மை. ஆனாலும் வேதாசலத்தின் மனைவி புஷ்கலா மரியாதையாக இறங்கி வந்து, கோமளாவோடு எதிர்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே எந்தச் சண்டையும் இல்லை. பேசாமல் இருக்கும் நோன்பு ஆண்களுக்கு மட்டும்தான். "நீ போ. வீடு எங்க போவுதோ அங்கயே நானும் போறேன்" என்று அவன் சொல்லிவிட்டதாகப் புஷ்கலா வந்து சொன்னபோது, தணிகாசலத்துக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. பிடிவாதக்காரன். சின்ன வயசிலேயே அப்படித்தான். ஆனால் எரிச்சலுக்குக் கீழே வேறு ஒன்று இருந்தது, அதற்குப் பெயர் பயம். வீடு போனால் போகட்டும், அவன் இறங்கித் தொலைத்தால் என்ன?

போய்ச் சொல்லலாம். சொல்லலாமா? பதினோரு வருஷம் பேசாத வாய் எந்த வார்த்தையில் தொடங்கும்? அதுதான் சிக்கல். எந்த வார்த்தையை எடுத்தாலும் அதற்கு முந்தின வார்த்தை நினைவுக்கு வந்துவிடுகிறது, கடைசியாகச் சொன்னது, புஷ்கலாவின் மூத்த பெண் நிச்சயதார்த்தத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னது. மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, வால்வை மூடு என்று வேதாவை அனுப்பினார்கள். அவன் இடதுகைக்காரன். மறையிருக்கிற எதையும் அவன் கை முதலில் எதிர்ப்பக்கம்தான் திருப்பும். சைக்கிள் நட்டை இறுக்கச் சொன்னால் கழற்றுவான், ஊறுகாய் பாட்டிலைத் திறக்கச் சொன்னால் இன்னும் இறுக்கிக் கொடுப்பான், அப்பா சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார். அன்றைக்கும் மூடுகிறேன் என்று முழுக்கத் திறந்துவிட்டான். பந்தல் துணி தண்ணீரில் தொங்கி, கிழிந்து, சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவை மேல் கொட்டியது. கொட்டினது தண்ணீர்தான், துடைத்தால் போயிருக்கும். தணிகாசலம்தான் எழுந்து நின்று, மேடையில் பேசிப் பழகின குரலில், "ஒரு கொழாய மூடத் தெரியாதவன் குடும்பத்த என்ன நடத்தப் போறான்" என்றார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். சம்பந்தி வீட்டார் சிலர் சிரிக்கவும் செய்தார்கள். வேதா நனைந்த சட்டையோடு மாடிப்படியில் நின்று அவரைப் பார்த்தான். அவ்வளவுதான், அதற்கப்புறம் பேச்சில்லை. கோபமா, வெட்கமா, எது முதலில் காய்ந்தது, எது காயவேயில்லை என்று தணிகாசலத்துக்குத் தெரியாது.

ஆனால் பேச்சில்லாமலேயே வீட்டுக் காரியம் நடந்ததே! அதுதான் இப்போது, விசிலுக்கு விசில் நிலை மேலே போவதைப் பார்க்கப் பார்க்க, அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மோட்டார் காலையில் அவர் போடுவார், சாயங்காலம் அவன் போடுவான், ஒரு நாள் தவறியதில்லை. யார் ஏற்பாடு அது? யாரும் உட்கார்ந்து பேசவில்லை. இவர் வெளியூர் போயிருந்தால் காலையிலும் அவனே போட்டிருப்பான். கேட்டைப் பூட்டுவது கடைசியாக வருகிறவர். மேலே சமையல் வாயு தீர்ந்தால் கீழே இருக்கிற சிலிண்டர் தானாக மாடியேறும். "மேல சொல்லிடு", "கீழ கேட்டுக்கோ" என்று இரண்டு வாக்கியத்தில் ஒரு குடித்தனம். குறுக்கே நிற்காமலிருந்தால் கோ-ஆப்பரேஷன். அப்படியானால் அவர்கள் இரண்டு பேரும் அதில் தங்கப்பதக்கம் வாங்க வேண்டியவர்கள், என்று நினைத்துக்கொண்டார். ஆனால் போன மழையின்போது நடந்தது அந்த வார்த்தைக்குள் அடங்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவரும் கோமளாவும் ஒரு பையோடு மாடியேறிப் போனார்கள். வேதா கதவைத் திறந்தான், உள்ளே போய்த் தன் கட்டிலை ஜன்னலோரத்துக்கு இழுத்துப் போட்டான். அண்ணனுக்குக் காற்று வேண்டும், காற்றில்லாவிட்டால் இழுப்பு வரும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டான். தண்ணீர் வடிகிறவரைக்கும் ஒரே கூரைக்குள் இருந்தார்கள், ஒரு வார்த்தை இல்லை. காலையில் கண் விழித்தால் தலைமாட்டில் காபி இருக்கும். சர்க்கரை இல்லாமல். அப்புறம் வீட்டைத் தூக்குவது என்று முடிவானபோது, மாடிக்காரனுக்கு என்ன தலையெழுத்து, அவன் வீட்டுக்கு என்றைக்குத் தண்ணீர் வந்தது, கையெழுத்துப் போட மாட்டான் என்று தெருவே சொன்னது. கோமளா காகிதத்தை எடுத்துக்கொண்டு மேலே போனாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி உடனே இறங்கி வந்தாள். "படிக்கக்கூட இல்லைங்க. பேனா எங்கன்னுதான் கேட்டாரு" என்றாள். இதற்கெல்லாம் தணிகாசலம் ஒரு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார், நினைத்துக்கொண்டிருந்ததே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

விசில் நின்றிருந்தது. அதை அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தார். உள்ளேயிருந்து ஒரு அலறல், ஹிந்தியில் பல குரல்கள், பிறகு ஒருவனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கட்டை சறுக்கி விரல் நசுங்கியிருந்தது, துணியில் ரத்தம். அவனையும் துணைக்கு இன்னொருவனையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தரம்பால் வானத்தைப் பார்த்தான். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "சார், இன்னிக்கு நாலு விசில் பாக்கி. அது ஏத்தினா செங்கல் வச்சு நிறுத்திடலாம். இப்படியே விட்டா மழைல மண்ணு எளகிடும், டேஞ்சர். மத்தவங்கள மாத்தி ஒக்கார வச்சிட்டேன், நடுச் சுவருக்கு மட்டும் ரெண்டு ஆளு கம்மி. லேசான லோடுதான். நான் சொல்லித் தர்றேன். யாராவது வாங்க." தெருவில் வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். தணிகாசலம் தான் எழுந்து நிற்பதைத் தானே ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஐயோ, நீங்க எங்க போறீங்க!" என்று கோமளாவின் குரல் கேட்டது. கால் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டது. நிலையைக் கடக்கும்போது தலையை நிமிர்த்திப் பார்த்தார். எப்போதும் குனிந்து போகிற இடம், இப்போது நெற்றிக்கு மேலே எவ்வளவோ உயரத்தில். கோயிலுக்குள் போகிற மாதிரி இருந்தது.

உள்ளே அவர் வீடுதான், ஆனால் அவர் வீடு இல்லை. தரை பழைய இடத்தில், சுவர்கள் எல்லாம் தரையை விட்டு எழுந்து முழங்கால் உயரத்தில், அடியில் இரும்பும் இருட்டும் வெளிச்சமும் கலந்து, எங்கே பார்த்தாலும் குந்தியிருக்கிற கால்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை. தரம்பால் அவரைக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த சுவரடியில் உட்காரவைத்து, கம்பியைச் செருகிக் காட்டி, "இந்தப் பக்கம் தள்ளணும் சார், இந்தக் கோடு வரைக்கும், அவ்ளோதான், விசில் வராம தொடாதீங்க" என்றான். தள்ள வேண்டியது சுவரின் அடியை நோக்கி, அங்கே ஒரு சாக்பீஸ் கோடு. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜாக்கி. அதற்கு ஆள் வந்துவிட்டான் போலிருக்கிறது. தரம்பால் அறைக்குள் போய் அதே பாடத்தை அங்கேயும் சொன்னான், "சரி" என்று ஒரு முனகல் கேட்டது, பிறகு தரம்பால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினான். தணிகாசலம் கம்பியைப் பிடித்தார். இந்தக் கம்பியின் நுனியில்தான் சுவர், சுவரின் மேல் மாடி, மாடியில் அவன். அவன் இன்னும் ராசிபலன் படிக்கிறானா? குனிந்து, சுவரின் அடி வழியாக அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு கால்கள். கட்டைவிரலை அடுத்த விரல் கட்டைவிரல் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்கு அப்படித்தான் இருக்கும். தனக்கும் அப்படித்தான் இருக்கிறது. முழங்காலில் சிராய்ப்பு, அதில் மண். மாடிப்படியின் அடியைத்தான் அறுத்துவிட்டார்களே, கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே அந்தரமாக இருக்கிறதே, அறுபது வயசில் குதித்தா வந்தான்?

அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் தள்ளிவிட்டு ஒரு பெரிய வியப்பு நெஞ்சை நிறைத்தது: இந்த வீட்டின் அத்தனை சுவர்களுக்கு அடியிலும் யார் யாரோ, எந்தெந்த ஊரோ, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள், அதில் அவரும் ஒருவர், அவனும் ஒருவன். அப்போதுதான் கையைப் பார்த்தார். அந்தப் பக்கத்துக் கம்பியைப் பிடித்திருந்தது இடது கை. கம்பி நின்றிருந்த கோணம் தப்பு. வெளிப்பக்கமாக இழுக்கத் தயாராக இருந்தான். விசில் வந்ததும் எல்லாரும் ஏற்றுவார்கள், அவன் இறக்குவான், நடுச்சுவர் தொங்கும், அவன் தலைக்கு மேலே. சொல்ல வேண்டும். இப்போதே. "தப்பு" என்று வந்தது நாக்கு வரைக்கும், அந்த வார்த்தையோடு சேர்ந்து பந்தலும் பட்டுப்புடவையும் மாடிப்படியில் நனைந்த சட்டையும் வந்தன. மறுபடியும் அதேதானா? அதே குழாய், அதே குரல், அதே நாலு பேர் முன்னால்? அப்பா இருந்தால் என்ன சொல்வார்? அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், கையைப் பிடித்துத் திருப்புவார். கை எட்டாது. நடுவில் வீடு இருக்கிறது. வெளியே தரம்பால் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டதாகத் தோன்றியது. தணிகாசலம் கன்னம் தரையில் உரசக் குனிந்தார்.

"வேதா."

கால்கள் அசையவில்லை. கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"வேதா, என் பக்கமாத் தள்ளுடா."

செங்கல் தூசி வெயிலில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கம்பி ஜாக்கியிலிருந்து உருவப்படுகிற சத்தம் கேட்டது, மறுபடியும் செருகப்படுகிற சத்தம். அதன் நுனி சுவரின் அடியில் இந்தப் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றது. இடது கையின் மேல் வலது கையும் வந்து பிடித்துக்கொண்டது.

"தெரியுதுண்ணா," என்றான் வேதாசலம். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான், நேற்றுப் பேசிய குரல் மாதிரியே இருந்தது. "நீ பேசாம விசிலக் கவனி."

விசில் ஊதியது.